பழைய வேன்களின் கியர் பாக்ஸ் பழுதும் அதைச் சீர்செய்விக்கும் முறையும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெல், மணிலா, கரும்பு ஆகியவை முக்கியமாய்ப் பயிராகின்றன. இவ்விளைபொருள்கள் முன்னாளில் இரட்டை மாட்டு வண்டிகளிலேயே களத்தைவிட்டுப் புறப்பட்டன. தற்காலத்தில் அவ்வேலையைச் சிறு சரக்கு வேன்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. 2005-ஆம் வருஷத்தில் டாடா கம்பெனியார் "ஏஸ்" என்னும் சிறு வண்டியை வெளியிட்ட பிறகு, நம் ஜனங்கள் "குட்டி யானை" என்று பெயரிட்டழைக்கும் அவ்வண்டி ஊர்தோறும் காணப்படுகிறது. புது வண்டியின் விலை சிறு குடியானவர்களுக்கு எட்டாததாகையால், பலர் ஒருவரோ இருவரோ ஓட்டிக் கழித்த வண்டிகளையே வாங்குகிறார்கள். அவ்வாறு வாங்குவது தவறன்று; நல்ல நிலையிலுள்ள பழைய வேன் பல வருஷங்கள் உழைக்கும். ஆயினும், வாங்கிய சில மாதங்களுக்குள் கியர் பாக்ஸ் பழுதாகி, வண்டி பட்டறையில் நிற்க, அறுத்த நெல் களத்திலே கிடக்கும்படி நேரும் சங்கடம் அடிக்கடி கேட்கப்படுகிறது.

இச்சங்கடத்தில் செலவாகும் பணத்தை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பகுதி பல்சக்கரங்களுக்காகச் செலவானதன்று என்பது புலப்படும். குறை இன்ன இடத்தில் உள்ளது என்று நிச்சயிப்பதற்கு முன்பே கியர் பாக்ஸை இறக்கித் திறந்துவிடுவதனாலும், என்ன வேலை, என்ன கூலி என்பதை எழுதிக் கொள்ளாமலே வண்டியை ஒப்படைப்பதனாலுமே அதிக நஷ்டம் விளைகிறது. இவ்விரண்டையும் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

யந்திர சக்தி சக்கரத்தை அடையும் வழி

பாரம் ஏற்றி நிற்கும் மாட்டு வண்டியை நகர்த்தும்போது மாடுகள் கழுத்தை நீட்டி முழுப்பலத்துடன் இழுக்கின்றன. வண்டி உருளத் தொடங்கிய பின்னர் இலேசாக நடந்து செல்லுகின்றன. மோட்டார் யந்திரத்துக்கு அவ்வாறு தன் பலத்தை வேண்டியபோது பன்மடங்காக்கிக் கொள்ளும் இயல்பு இல்லை. அது குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான் போதிய வலிமையைத் தரும். ஆகையால், புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் சக்கரத்தை மெதுவாகவும் வலுவாகவும், சமதரையில் விரைவாகவும் சுழற்றுவதற்குப் பல்சக்கரங்கள் அடங்கிய பெட்டி ஒன்று வேண்டியதாயிற்று. பிரான்சு தேசத்தில் பானார், லெவாஸோர் என்னும் இருவரின் கம்பெனி 1891-இல் அமைத்த வண்டியின் ஒழுங்கையே, அதாவது முன்னே யந்திரம், அதன்பின் கிளட்ச், அதன்பின் கியர் பாக்ஸ், பின் சக்கரங்களுக்குச் சக்தி என்னும் வரிசையையே, பெரும்பாலான சரக்கு வண்டிகள் இன்றும் பின்பற்றுகின்றன.

ஏஸ் வண்டியிலும், 1984 முதல் 2019 வரை உற்பத்தியான மாருதி வேனிலும் யந்திரம் முன் ஆசனத்தின் அடியில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் கிளட்ச். கிளட்சில் மூன்று உறுப்புகள் முக்கியமானவை: தேயும் பூச்சுள்ள கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிகட்டையை மிதிக்கும்போது அப்பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். கிளட்சுக்கு அடுத்தது கியர் பாக்ஸ். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று, இரு முனையிலும் "கிராஸ்" எனப்படும் மூட்டுகளுடன், பின் அச்சின் நடுவிலுள்ள ஹவுசிங்கைச் சேர்கிறது. ஹவுசிங்கினுள் உள்ள பினியனும் கிரவுனும் சுழற்சியைத் திருப்பி இரு பக்கத்துச் சக்கரங்களுக்கும் அளிக்கின்றன. இவ்வைந்து இடங்களில் எங்கே குறை நேர்ந்தாலும் "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று பொதுவாய்ச் சொல்லிவிடுவதே முதல் தவறு.

குறிகளும் அவற்றின் பொருளும்

வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னரே பின்வரும் பரீட்சைகளைச் சொந்தக்காரர் தாமே செய்து பார்க்கலாம். இவற்றுக்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. ஜன நடமாட்டமில்லாத சமதரையில் செய்தல் வேண்டும்.

1. ஆக்ஸிலேட்டரை அழுத்த, யந்திரத்தின் இரைச்சல் மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் அதற்கேற்ப உயராவிடில், கிளட்ச் நழுவுகிறது என்று அறிக. பாரத்தோடு மேடேறும்போது கருகல் நாற்றமும் வரும். இதை நிச்சயிக்கக் கை பிரேக்கை இறுகப் பிடித்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடவேண்டும். நல்ல கிளட்சானால் யந்திரம் திணறி உடனே நின்றுவிடும். நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிடிப்பு இல்லை என்று பொருள். இப்பரீட்சையை ஒருமுறைக்கு மேல் செய்யலாகாது. வண்டிக்கு எதிரில் ஒருவரும் நிற்கவும் கூடாது.

2. யந்திரம் ஓடும்போது ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசி விழ, யந்திரத்தை நிறுத்தியவுடன் அதே கியர் தடையின்றி விழுமானால், குறை பெரும்பாலும் கியர் பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. மிதிகட்டையை அழுத்தி மூன்று விநாடி பொறுத்துப் போட்டும் உரசினால் இது உறுதியாகும். கேபிள் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையானால் சிலிண்டரில் கசிவோ காற்றோ இருக்கலாம். இவற்றை வெளியிலிருந்தே சரிசெய்யலாம்.

3. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சென்ற ஓசை கேட்டால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாறாக, நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது ஓசை கேட்டு, மிதித்தவுடன் நின்றால், கியர் பாக்ஸின் முன் தண்டிலுள்ள பேரிங்கைச் சந்தேகிக்கவேண்டும்.

4. ஒரே ஒரு கியர் மாத்திரம் ஓட்டத்தில் உரசி விழுமானால், அந்தக் கியருக்குரிய சிங்க்ரோ வளையம் தேய்ந்திருத்தல் கூடும்.

5. ஓடும்போது கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டால், முதலில் கியர் கம்பியின் இணைப்புகளையும், யந்திரத்தையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர்களையும் பார்க்கவேண்டும். அவை சரியாக இருந்தால்தான் உள்ளிருக்கும் போர்க், ஸ்பிரிங், பற்கள் இவற்றின்மேல் ஐயங்கொள்ளுதல் முறை.

6. புறப்படும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் "டொக்" என்ற சத்தம் கேட்டால் கிராஸ் மூட்டில் ஆட்டம் கண்டிருக்கலாம். வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியிலுள்ள தண்டைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கிராஸ் மாற்றுவது சிறு வேலை.

7. விரைந்து செல்லும்போது ஊளையிடும் ஓசை உண்டாகி, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் மாறினால், கிரவுன், பினியன் இவற்றைச் சோதிக்கவேண்டும். ஓட்டத்திலேயே நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தும் ஓசை மாறாமல் நீடித்தால், அது கியர் பாக்ஸிலிருந்து வருவதன்று. ஹவுசிங்கிலோ சக்கர பேரிங்கிலோ உள்ளது. நான்கு கியர் உள்ள பெட்டியில் நான்காவது பெரும்பாலும் நேர் கியராகும். மற்ற மூன்றிலும் கேட்கும் ஓசை நான்காவதில் குறைந்தால், பெட்டியினுள் கீழ்த்தண்டின் பேரிங்குகள் தேய்ந்தன என்று ஊகிக்கலாம்.

8. யந்திரம் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லையானால், கம்பி, கேபிள், போர்க் இவற்றில் தடை இருக்கும்.

இக்குறிகளால் குறையை நூற்றுக்கு நூறு நிச்சயித்துவிட முடியும் என்பதில்லை. ஆயினும், எங்கே தேடத் தொடங்குவது, எதைத் திறக்கவேண்டுவதில்லை என்பதை அவை காட்டும். வைத்தியன் நாடி பார்த்த பிறகே மருந்து கொடுக்கிறான். வண்டிக்கும் அதுவே முறை.

ஓர் உதாரணம்

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது ஒரு குடியானவருடைய வேனில் ரிவர்ஸ் கியர் உரசத் தொடங்கியதாகக் கொள்ளுவோம். அவர் நேரே பட்டறைக்குச் சென்று, "கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது, பாருங்கள்" என்று சொல்லி விட்டுவிடுகிறார். கியர் பாக்ஸைப் பார்க்கச் சொன்னபடியால் மெக்கானிக் அதை இறக்கித் திறக்கிறார். பல வருஷம் ஓடிய பெட்டியில் ஏதேனும் தேய்வு காணப்படாதிராது. ஆகவே வளையங்களும் பேரிங்குகளும் மாற்றப்படுகின்றன. ஒரு பாகம் சென்னையிலிருந்து வரவேண்டியிருப்பதால் சில நாட்கள் கழிகின்றன. வாடகை வண்டியில் நெல் போகிறது. கடைசியில் பெட்டியைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால் ரிவர்ஸ் கியர் முன்போலவே உரசுகிறது. பிறகு கிளட்ச் கேபிளை முறுக்கியவுடன் சரியாகிறது.

இதில் மெக்கானிக் மோசம் செய்தார் என்று சொல்ல இடமில்லை. அவர் மாற்றிய பாகங்கள் தேய்ந்தவையே. குடியானவரும் பொய் சொல்லவில்லை. குறியைச் சொல்லாமல் நோயின் பெயரைச் சொன்னதே நஷ்டத்துக்குக் காரணம். "ரிவர்ஸ் போடும்போது உரசுகிறது; யந்திரத்தை நிறுத்தினால் உரசுவதில்லை; மற்றக் கியர்கள் நன்றாக விழுகின்றன" என்று அவர் சொல்லியிருப்பாராயின், அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் முதலில் கேபிளையே பார்த்திருப்பார்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மேற்சொன்ன பரீட்சைகளை வண்டி வாங்கும்போதே செய்வது உத்தமம். யந்திரம் சூடாவதற்கு முன் ஒருமுறையும், ஐந்தாறு மைல் ஓட்டியபின் ஒருமுறையும் எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். எண்ணெய் கெட்டியாயிருக்கும்போது மறைந்திருக்கும் ஓசை, சூடேறி இளகியபின் வெளிப்படுவதுண்டு. கூடுமானால் பாரம் ஏற்றியும் ஓட்டிப் பார்க்கவேண்டும். வெறும் வண்டியில் நழுவாத கிளட்ச் பாரத்தில் நழுவும்.

அதன்பின் கியர் பாக்ஸின் பக்கத்திலுள்ள எண்ணெய் நிரப்பும் திருகாணியைக் கழற்றி விரலால் எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பது நலம். எண்ணெய் கருத்திருந்தால் மாற்றினால் போதும். மாவு போன்ற மெல்லிய உலோகத்தூள் இருப்பது இயல்பான தேய்வு. நகக்கண்ணில் உறுத்தும் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்துள்ளது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. ஏரி உபரிநீர் பெருகிய தரைப்பாலங்களைக் கடந்த வண்டிகளில் இது நேரும். பெட்டியின் ஓட்டில் வெல்டிங் தழும்பு உண்டாவென்றும் நோக்குக.

தஸ்தாவேஜுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின், சாஸி எண்கள் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கவேண்டும். பைனான்ஸ் கடன் இருந்தால் அது தீர்ந்து பதிவிலிருந்து நீக்கப்பட்டிருக்கவேண்டும். சரக்கு வண்டிகளுக்கு எட்டு வருஷம் வரையில் இரண்டு வருஷத்துக்கொரு முறையும் பின்னர் வருஷந்தோறும் எப்.சி. பெறவேண்டும், அதன் தேதியைப் பார்த்துக் கொள்க. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். பழைய வண்டி வியாபாரிகள் 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாத முதல் அவ்வதிகாரிகளிடம் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும் என்ற விதியும் உள்ளது. வண்டி தம் பெயரில் பதிவாகாதிருந்தால், பின்னால் பழுது சம்பந்தமாக வழக்காட நேரும்போதும் உரிமையை நிலைநாட்டுவது கடினமாகும்.

மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் முறை

நல்ல மெக்கானிக் கிடைப்பது நல்ல பண்ணையாள் கிடைப்பதுபோல் பாக்கியமே. அவரைத் தேடுவதற்குரிய காலம் வண்டி நின்றுபோன காலமன்று. எண்ணெய் மாற்றுதல், பிரேக் சரிபார்த்தல் போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து, சொன்ன நாளில் சொன்ன கூலிக்கு முடிக்கிறாரா என்று முன்னரே அறிந்து வைத்துக்கொள்ளவேண்டும். அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் வேட்டவலம், அவலூர்ப்பேட்டை முதலிய ஊர்க்காரர்களை விசாரித்தாலும் விவரம் தெரியும். யந்திர வேலையில் தேர்ந்தவரெல்லாம் கியர் வேலையில் தேர்ந்தவரென்று எண்ணலாகாது. அதற்கெனவே கைதேர்ந்தவர்கள் உண்டு.

மெக்கானிக் தம்முடன் வண்டியில் ஏறி ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிக் கூலி கொடுப்பதற்குத் தயங்கவே கூடாது. ஓட்டிப் பார்க்காமலே பெட்டியை இறக்கவேண்டுமென்று சொல்பவரிடம் வேலையைக் கொடாதிருப்பதே நன்று. அறிவுக்குக் கூலி கொடாமல் உழைப்புக்கு மட்டும் கொடுக்கும் வழக்கத்தால், குறையைச் சட்டென்று கண்டுபிடிப்பவர் குறைவாகவும், பெட்டியைப் பிரித்துப் பூட்டுபவர் அதிகமாகவும் சம்பாதிக்கும்படி ஆகிறது. இது நம் வழக்கத்திலுள்ள குற்றம்.

வேலை இன்னதென்று முடிவானபின், ஒரு தாளில் பின்வரும் விவரங்களை இரண்டு பிரதிகள் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக் கொள்ளவேண்டும்:

(அ) தேதி, வண்டியின் பதிவு எண், ஓடிய கிலோமீட்டர், டீசல் அளவு;
(ஆ) சொந்தக்காரர் கண்ட குறி;
(இ) மெக்கானிக் ஓட்டிப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம்;
(ஈ) செய்ய ஒப்புக்கொண்ட வேலையும் அதன் கூலியும்;
(உ) பாகங்கள் கம்பெனிப் பாகமா, வேறு தயாரிப்பா, பழையதா என்பதும் அவற்றின் உத்தேச விலையும்;
(ஊ) திறந்தபின் வேறு குறை தென்பட்டால் சொந்தக்காரருக்குத் தெரிவித்துச் சம்மதம் பெற்றே செய்யவேண்டும் என்னும் நிபந்தனை;
(எ) கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவது;
(ஏ) முடித்துத் தரும் நாள்;
(ஐ) செய்த வேலைக்கு எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோமீட்டர் பொறுப்பு என்பது.

இவ்வாறு எழுதிக்கொள்வது அவநம்பிக்கையைக் காட்டுமே என்று சிலர் கூசுகிறார்கள். வாரத்துக்கு நிலம் விடும்போதும் கடன் கொடுக்கும்போதும் எழுதிக்கொள்ளும் நாம் இதற்கு மட்டும் கூசவேண்டிய காரணமில்லை. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில் 1971-ஆம் வருஷத்திலேயே இதற்கெனச் சட்டம் இயற்றி, எழுத்து மூலமான மதிப்பீடு கொடாமலும் சொந்தக்காரரின் சம்மதமின்றியும் வேலை செய்யக்கூடாதென்றும், கேட்டால் பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டுமென்றும் விதித்தார்கள். நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லாதபோதிலும், இருவர் ஒப்பி எழுதிய சீட்டுக்கு மதிப்புண்டு. நேர்மையான மெக்கானிக்குகளுக்கும் அது பாதுகாப்பே. வேலை முடிந்தபின் "இதை நான் செய்யச் சொல்லவில்லையே" என்னும் வழக்கு அவர்களுக்கும் வாராது.

திருவண்ணாமலைப் பட்டறைகளில் வண்டியை விடுபவர்கள் பௌர்ணமி நாட்களையும் கார்த்திகைத் தீபத் திருவிழாவையும் கணக்கில் கொள்ளவேண்டும். அந்நாட்களில் நகருக்குள் வண்டிகள் செல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு.

பெட்டியைத் திறந்த பின்பு

திறந்தே ஆகவேண்டுமென்று நிச்சயமானால், சொந்தக்காரர் அன்று அருகில் இருப்பது நலம். பெட்டியை இறக்கும் கூலியே பெருங்கூலியாகையால், கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றையும் ஒருங்கே மாற்றிவிடுவது சிக்கனம். மூன்றில் ஒன்றைப் பழையதாக விட்டால் அதற்காக மறுபடியும் அதே கூலி கொடுக்க நேரும். யந்திரத்தின் பின்பக்கத்து ஆயில் சீலும் கியர் பாக்ஸின் முன் ஆயில் சீலும் கசிகின்றனவா என்று அப்பொழுதே பார்க்கவேண்டும். சீல் கசிந்து எண்ணெய் படிந்தால் புதிய பிளேட்டும் சில வாரங்களில் நழுவும். பிளைவீலின் முகத்தில் வெடிப்பு, கருகல் உள்ளனவா என்பதும் கவனிக்கத்தக்கது.

கிரவுன், பினியன் இரண்டும் ஜோடியாய் அரைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை தீராது. பற்களின் எண்ணிக்கையும் பழையதற்கு ஒத்திருக்கவேண்டும். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 8 பல்லும் உள்ள வண்டிக்கு வேறு கணக்குள்ள ஜோடியைப் போட்டால் இழுவையும் வேகமும் மாறிவிடும்.

பாகங்கள் பல உடைந்திருந்தால், ஒவ்வொன்றாய் மாற்றுவதைவிட முழுப் பெட்டியாய் மாற்றுவது மலிவாதல் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளின் உறுப்புகள் விற்கப்படுவது பிரசித்தம். அத்தகைய பெட்டியை வாங்கும்போது, அது தம் வண்டியின் வருஷத்துக்கும் மாதிரிக்கும் உரியதா என்று எண்ணைக்கொண்டு ஒத்துப் பார்த்து, முன் தண்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்த்து, தண்டு மேலும் கீழும் ஆடுகிறதா என்று சோதித்து, மேல்மூடியைத் திறந்து பற்களைக் கண்ணால் கண்டே வாங்கவேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடுவையும் ரசீதில் எழுதி வாங்குக.

எண்ணெயிலும் எச்சரிக்கை வேண்டும். கியர் எண்ணெய்களில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என இரு தரங்கள் வழங்குகின்றன. பின்னது கிரவுன், பினியனின் பேரழுத்தத்துக்கு ஏற்றதாயினும், அதிலுள்ள சில சேர்க்கைகள் பித்தளையாலான சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கக்கூடும். ஆகவே இரண்டிற்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றிவிடாமல், வண்டியின் கைப்புத்தகத்தில் எதற்கு எது குறிக்கப்பட்டுள்ளதோ அதையே ஊற்றச் செய்க. பெட்டியைப் புதுப்பித்தபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அவ்வெண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினால் முதல் தேய்வின் தூள் வெளியேறிவிடும்.

அறுவடை முடியும்வரை சமாளித்தல்

சிங்க்ரோ வளையம் தேய்ந்திருப்பது மட்டுமே குறையானால், உடனே வண்டியை நிறுத்தவேண்டுவதில்லை. இவ்வளையம் 1928-இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் முதன்முதலில் வந்தது. அதற்குமுன் எல்லா வண்டிகளும் அதில்லாமலே ஓடின. அக்காலத்து டிரைவர்கள் கையாண்டதும், பழைய லாரி டிரைவர்கள் "டபுள் கிளட்ச்" என்பதுமாகிய முறை இதுவே: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுக்கவும், கீழ்க்கியருக்கு வருவதானால் ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தி யந்திரத்தின் வேகத்தை உயர்த்தவும், மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போடவும். இதனால் பற்களின் வேகம் ஒத்துப்போய் உரசாமல் விழும். இவ்வாறு அறுவடையை முடித்துக்கொண்டு, வேலை ஓய்ந்த மாதத்தில் நிதானமாய்ப் பழுது பார்க்கலாம். ஆனால் எண்ணெயில் துண்டுகள் காணப்பட்டாலும், கியர் நழுவினாலும், பேரிங் உறுமினாலும் ஒரு நாளும் ஓட்டலாகாது. நடுவழியில் பெட்டி இறுகிச் சக்கரம் நின்றால் பாரத்தோடு வண்டி கவிழும், உயிருக்கே அபாயம்.

தகராறு நேர்ந்தால்

வேலை திருப்தியில்லை என்று சொல்லிக் கூலியைக் கொடாமல் வண்டியை எடுத்துச் செல்ல முயல்வது சட்டத்துக்கு ஒவ்வாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, பொருளின்மேல் உழைப்பையோ திறமையையோ செலவிட்டவர் நியாயமான கூலி பெறும்வரையில் அப்பொருளை வைத்துக்கொள்ள உரிமையளிக்கிறது. அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாமானிய விவேகமுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்கும் கடமையையும் அவர்மேல் சுமத்துகிறது. ஆகையால் பட்டறையில் வண்டியை விட்டு மாதக்கணக்காய் வாதாடுவதைவிட, ரசீதிலேயே "ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது" என்றும் ஆட்சேபணை இன்னதென்றும் எழுதிப் பணத்தைச் செலுத்தி, வண்டியை மீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, பின்னர் பரிகாரம் தேடுவதே புத்திசாலித்தனம்.

பரிகாரம் தேடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி பெற்றுச் செய்த வேலையிலுள்ள குறைபாட்டுக்கு அங்கே முறையிடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிடவேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வியாபார நோக்கத்துக்காகப் பெற்றதை அச்சட்டம் விலக்கினும், தம் ஜீவனத்துக்காகத் தாமே தொழில் செய்பவரை விலக்கவில்லை. அங்கே பேசுவது சீட்டும் ரசீதும் பழைய பாகங்களுமே, வாய்ச்சொல்லுக்கு வலுவில்லை.

பழுது வாராமல் காத்தல்

ஏஸ் வண்டி முதலில் வெளிவந்தபோது அதன் பாரம் முக்கால் டன், அதாவது 750 கிலோ. நெல் மூட்டை ஒன்று 75 கிலோவானால் பத்து மூட்டையோடு நிறைந்தது. பதினைந்து மூட்டை ஏற்றினாலும் வண்டி நகரத்தான் செய்கிறது. ஆனால் அந்த மிகுதியை முதலில் தாங்குவது கிளட்ச், பின்பு பேரிங்குகள், அதன்பின் கிரவுன், பினியன். மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய பாரம் ஆர்.சி.யில் காணும் எடைகளிலிருந்து தெரியும்.

ஓட்டும்போது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருத்தல், மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக அரைக் கிளட்சில் நிறுத்தி வைத்தல், வண்டி முற்றிலும் நில்லாமலே ரிவர்ஸ் போடுதல் ஆகிய மூன்றும் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும் வழக்கங்கள். வாடகை டிரைவர் ஓட்டுவதானால் அவரிடம் இதை முன்னமே சொல்லவேண்டும். வண்டி தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாளே கியர் பாக்ஸ், ஹவுசிங் இரண்டின் எண்ணெயையும் சோதிக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், கூட்டுறவுக் கடன் சங்கக் காரியதரிசிகளும் இவ்விஷயத்தில் சிறிது சிரத்தை கொண்டால் ஊருக்குப் பெரிதும் நன்மையுண்டு. மேலே கண்ட ஒப்படைப்புச் சீட்டின் மாதிரியை அச்சிட்டோ நகலெடுத்தோ அலுவலகத்தில் வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். எழுதப்படிக்க இயலாதவருக்கு அதைப் பூர்த்திசெய்து தரலாம். ஊரில் வேன் வைத்திருப்போர், எந்த வேலையை எங்கே செய்தார்கள், எவ்வளவு கூலி, எத்தனை காலம் நின்றது என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருவார்களாயின், இரண்டொரு வருஷங்களில் நல்ல பட்டறை எது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். அறுவடைக் காலத்தில் ஒருவர் வண்டி நின்றால் மற்றொருவர் வண்டி உதவுவதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நலம்.

சுருங்கக் கூறின், பழைய வேன் வாங்குபவர் ஓட்டிப் பார்த்து வாங்குக, பழுது நேர்ந்தால் குறியைச் சொல்லுக, நோயின் பெயரைச் சொல்லற்க, குறை நிச்சயமாகுமுன் பெட்டியைத் திறக்கவிடாதிருக்க, எழுதி ஒப்படைக்க, பழைய பாகத்தைக் கேட்டு வாங்குக. இவ்வைந்தையும் அநுசரிப்போர், களத்தில் நெல் காத்துக்கிடக்கும் கவலையும், பட்டறையில் வீண் செலவும், கைத்தொழிலாளரோடு மனஸ்தாபமுமின்றித் தங்கள் வண்டியால் முழுப் பயனையும் அடைவார்கள் என்பது திண்ணம்.